இறுத்தல் இலக்கணம்: மாகறல் வட்டாரச் சான்றுகளோடு

பாயிரம்

பாயிரம் இல்லாத நூலை அவையில் வைத்தால் புலவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள் என்பதால் முதலில் அதை முடித்துவிடுகிறேன். நூல் நுதலிய பொருள்: கலங்கியதைத் தெளியவிட்டு, தெளிந்ததை மெல்லச் சாய்த்து எடுப்பது. பள்ளி அறிவியல் புத்தகம் இதைத் 'தெளிய வைத்து இறுத்தல்' என்று சொல்லிச் சில வரிகளில் முடித்து, அடுத்ததற்குப் போய்விடுகிறது. பானை வனைந்த காலம் தொட்டு நடக்கும் தொழிலுக்குச் சில வரிகள் போதா. கேட்போர்: அடுப்படியில் நிற்கும் எவரும். பயன்: பல்லில் மண் கடிபடாத பாயசம்.

எல்லை: வடக்கே பட்டுத்தறி ஓடும் காஞ்சிபுரம்; தெற்கே உத்திரமேரூர்; கிழக்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல்; மேற்கே, ஜவ்வாது மலையிலிருந்து செய்யாறு அடித்துக்கொண்டு வரும் மண் அனைத்தும். நடுவே, அந்தச் செய்யாற்றங்கரையில், மாகறல். ஞானசம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. மூலவர் திருமாகறலீசர், லிங்கத் திருமேனி உடும்பின் வால் போன்ற வடிவம். சோழ மன்னன் துரத்திய பொன்னிற உடும்பு ஒன்று புற்றுக்குள் புக, புற்றைத் தோண்டியபோது இறைவன் வெளிப்பட்டான் என்கிறது தலபுராணம். மண்ணுக்குள் போன பொன்னை எடுக்க மண்வெட்டி தூக்குவது மன்னர் வழி. தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பது நம் வழி. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவே இந்நூல்.

எல்லையை இவ்வளவு குறுக்கியது ஏன் என்று கேட்பாருக்கு விடை: இறுத்தலின் எல்லா வகைக்கும் இந்த அரைநாள் நடைத் தூரத்துக்குள் சான்று கிடைக்கிறது. கிடைக்காத இடத்தில் மட்டும் சேலத்துக்கும் திருநெல்வேலிக்கும் ஆள் அனுப்பியிருக்கிறேன்.

இது இறுத்தல், இது அன்று

முதல் சூத்திரம்: அசையாமல் நிறுத்தி, அலுங்காமல் சாய்ப்பது இறுத்தல்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், இறுத்தலின் இரண்டு பாதிகளை உணர்த்துதல் நுதலிற்று. முதல் பாதியைப் பாத்திரம் செய்கிறது. இரண்டாம் பாதியைக் கை செய்கிறது. முதல் பாதியில் மனிதனுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் இறுத்தல் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். தெளிந்துவிட்டதா என்று பார்க்கப் பாத்திரத்தைத் தூக்குகிறான், தூக்கியதால் கலங்குகிறது, கலங்கியதால் இன்னும் தெளியவில்லை என்று முடிவு கட்டுகிறான்.

அடுத்து, இனமல்லாதவற்றை விலக்க வேண்டும். புடைத்தல், கொழித்தல், சலித்தல் மூன்றும் முறத்துக்கும் சல்லடைக்கும் உரியவை, நீர் இல்லை, தள்ளுக. தூற்றுதல் மட்டும் கொஞ்சம் வம்பு செய்யும். கனமானது நேரே விழ, இலேசானது அடித்துக்கொண்டு போகிறது, நீருக்குப் பதில் காற்று, அவ்வளவுதானே, தூற்றுதலும் இறுத்தலே என்று வாதிடலாம். தத்துவம் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் களத்துமேட்டில் மனிதன் காற்று கிளம்பட்டும் என்று காத்திருக்கிறான். அண்டாவின் பக்கத்தில் எல்லாம் அடங்கட்டும் என்று காத்திருக்கிறான். காத்திருப்பு எதிரெதிர் திசையில் ஓடுவதால் தூற்றுதல் இந்நூலுக்குப் புறம்.

சோறு வடித்தலைப் பற்றி எனக்கே தீர்மானமில்லை. பானையைச் சாய்க்கிறோம், கஞ்சி போகிறது, சோறு நிற்கிறது. ஆனால் சோற்றை நிறுத்துவது அதன் கனமன்று, வாயில் வைத்த வடிதட்டு. பாதி இறுத்தல், பாதி வடிகட்டல். இருபிறப்பி என்று பெயரிட்டு ஓரமாக உட்கார வைக்கிறேன்.

பரபக்கம்: வடிகட்டிக் கட்சியார் மதமும் மறுப்பும்

வடிகட்டிக் கட்சியாரின் மதம் வருமாறு: மெல்லிய துணியோ வலையோ கையில் இருக்க, மணிக்கணக்கில் ஏன் காத்திருக்க வேண்டும்? இவர்களுக்குத் தலைமைக் கோயில் பித்தளைக் காபி பில்டர். அண்மைக்காலத்தில் சமையலறைச் சுவரில் மாட்டிய ஆர்.ஓ. எந்திரத்தையும் வழிபடுகிறார்கள்.

மறுப்பு. துணியின் கண்ணைவிடச் சிறிய மண் துணியோடு போய்விடும். பெரிய மண் கண்ணை அடைத்துவிடும். செக்கிலிருந்து வந்த நல்லெண்ணெயைத் துணி கட்டி வடிகட்ட முயன்றவர்கள் அந்தி சாயும்வரை சொட்டை எண்ணிக்கொண்டு நின்றிருப்பார்கள். அதே எண்ணெயைத் தகர டின்னில் சில நாள் வெயில் படும் இடத்தில் வைத்தால் கசண்டு தானே அடியில் அமர்ந்துவிடும். செக்குக்காரர்களைக் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள்; அவர்களிடம் துணியும் இருக்கிறது, டின்னும் இருக்கிறது, டின்னைத்தான் நம்புகிறார்கள்.

காபி டிகாஷனில் அவர்கள் கட்சி வென்றதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் பில்டரையும் மீறி இறங்கிய தூள் தம்ளர் அடியில் சேர, கடைசி மடக்கைக் குடிக்காமல் கீழே வைக்கிறானே, அந்தக் கணத்தில் வடிகட்டிக் கட்சிக்காரனும் இறுத்தல் கட்சிக்கு வந்துவிடுகிறான்.

காலவியல்

எவ்வளவு நேரம் காத்திருப்பது? 1851இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இதற்கு விடை தரும் சூத்திரம் ஒன்றை வெளியிட்டார். நீரில் விழும் சிறு துகளின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகும். 0.02 மில்லிமீட்டர் விட்டமுள்ள வண்டல் துகள் 10 சென்டிமீட்டர் இறங்க ஏறத்தாழ ஐந்து நிமிடம். 0.002 மில்லிமீட்டர் களித்துகள் அதே தூரம் இறங்க ஏறத்தாழ எட்டு மணி நேரம். மண்ணில் எவ்வளவு களி இருக்கிறது என்று அளக்கும் ஆய்வுக்கூடங்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் இன்றும் குழாய் விட்டு மாதிரி எடுக்கின்றன. ராத்திரி பிடித்து வைத்த தண்ணீரை விடிந்த பிறகு தொடு என்று வீட்டில் சொன்னவர்கள் ஸ்டோக்ஸைப் படித்தவர்கள் அல்லர். எட்டு மணி நேரத்தை மட்டும் சரியாகப் பிடித்திருந்தார்கள்.

நீர் சூடாக இருந்தால் பிசுக்கு குறைந்து துகள் விரைவாக இறங்கும். ஆகவே சித்திரை இறுத்தல் மார்கழி இறுத்தலைவிட வேகமானது. இதைப் பருவ வேறுபாடு என்று தனி இயலாக விரித்திருக்கலாம். வாசகர் மேல் இரக்கம் கொண்டு விடுகிறேன்.

இதைவிட நுண்ணிய களி இறங்கவே இறங்காது. அத்துகள்கள் எல்லாம் எதிர் மின்னூட்டம் உடையவை. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, எத்தனை நாள் வைத்தாலும் நீரில் தொங்கிக்கொண்டிருக்கும். புது வெள்ளம் வந்த செய்யாற்று நீரை ஒரு குடத்தில் பிடித்து வைத்துப் பாருங்கள்: மணல் உடனே இறங்கும், வண்டல் பேச்சு முடிவதற்குள் இறங்கும், ஒரு செம்மண் மங்கல் மட்டும் அடுத்த நாளும் அப்படியே நிற்கும்.

அங்கேதான் தேத்தாங்கொட்டை வருகிறது. பானையின் உட்புறத்தில் நாலு இழை இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினால் கொட்டையிலிருந்து கரையும் நீண்ட மூலக்கூறுகள் துகள்களைக் கோத்துக் கட்டியாக்குகின்றன. கட்டி பெரிதாக, வர்க்கக் கணக்கின்படி வேகம் ஏற, மங்கல் மளமளவென்று இறங்கிவிடும். படிகாரமும் மின்னூட்டத்தைத் தணித்து இதையே செய்கிறது. முருங்கை விதைப் பொடியும் செய்யும். கலங்கிய மனம் தெளிவதற்குக் கலித்தொகைப் புலவர் ஒருவர் இந்தக் கொட்டையால் தெளிந்த நீரை உவமையாக்கியிருக்கிறார். அதாவது அக்காலத்திலேயே இது, கேட்டவுடன் எல்லோருக்கும் விளங்கும் அளவுக்குச் சாதாரணமான வீட்டு வேலை. சென்ற தலைமுறையில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த இந்தக் கொட்டையை இன்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிவந்து, எதற்கு என்று வீட்டில் விளக்க வேண்டியிருக்கிறது.

கையியல்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். பாத்திரத்தைச் சாய்க்கும்போது நீர் விளிம்பை விட்டு விழாமல், விளிம்பின் வெளிப்புறத்தை ஒட்டிக்கொண்டே ஓடி, முழங்கையை நனைக்கும். ஆய்வுக்கூடத்தில் இதைத் தடுக்க விளிம்பில் கண்ணாடித் தண்டு ஒன்றை அணைத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். அடுப்படியில் கரண்டிக் காம்பு. கரண்டியும் எட்டாத அவசரத்தில் ஆள்காட்டி விரல். நெய்யென்றால் விரல் ஆகாது. தொடக்கத்தில் துணிவும் முடிவில் கோழைத்தனமும் வேண்டும். முக்கால் பங்கு போன பின்னும் துணிவாகச் சாய்ப்பவன் அடியையும் சேர்த்துக் கொட்டுவான்.

வகையியல்

இரண்டாம் சூத்திரம்: மேல்கொளல், கீழ்கொளல், இருபாற்கொளல், இருபாலும் விடல் என இறுத்தல் நால்வகைத்து.

பாத்திரத்தைக் கொண்டோ பொருளைக் கொண்டோ வகுக்காமல் எடுத்துக்கொள்வதைக் கொண்டு வகுத்தது என்ன காரணம் எனின், பாத்திரமும் பொருளும் அதேயாக இருக்க, வீட்டுக்கு வீடு வகை மாறுவதால். நெய்யைப் பாருங்கள். வெண்ணெய் காய்ச்சி, முருங்கைக்கீரை ஓர் இணுக்குப் போட்டு இறக்கி, தெளிந்த நெய்யை இறுத்துக்கொண்டு கசண்டைத் தேய்த்துக் கழுவிவிடும் வீட்டில் அது மேல்கொளல். அதே கசண்டில் சுடுசோற்றைப் போட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்துத் தரச்சொல்லிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் வீட்டில் இருபாற்கொளல். கசண்டுக்குச் சண்டை நடக்கும் வீட்டில் கீழ்கொளலின் பக்கம் சாய்கிறது.

மேல்கொளல் பரந்த வகை. வெல்லப்பாகு இதில் சேரும். வெல்லம் எவ்வளவு உயர்ந்ததென்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் கரைத்து நிறுத்தினால் அடியில் மண் அமரும். பதநீரும் சேரும்: கலயத்தின் உள்ளே தடவிய சுண்ணாம்பு அடியில் தங்க, தெளிந்ததைத்தான் குடிக்கிறோம். கோடையில் மணல் மட்டும் கிடக்கும் ஆற்றில் ஊற்றுத் தோண்டும் பெண்கள் செய்வதும் இதுவே. குழியில் முதலில் ஊறும் கலங்கலை இறைத்து வெளியே வீசிவிட்டு, சற்றுப் பொறுத்து, மேலாகத் தெளிந்ததைக் கொட்டாங்கச்சியால் அலுங்காமல் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். இங்கே பாத்திரம் சாய்வதில்லை. ஆற்றைச் சாய்க்க முடியாது என்பதால் மொள்ளுதலையும் இறுத்தலாகவே கொள்க.

மருந்து காய்ச்சுதல் இவ்வகையின் உயர்குடிப் பிரிவு. திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பதினைந்து படுக்கை கொண்ட ஓர் ஆதுலர்சாலையைப் பற்றிச் சொல்கிறது. மருத்துவர் யார், அறுவை செய்பவர் யார், மருந்துக்கு வேரும் தழையும் கொண்டுவருபவர் எத்தனை பேர், எவருக்கு எவ்வளவு நெல் என்பதோடு, ஆண்டுதோறும் இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் கல்லில் இருக்கிறது. அதில் தைலங்களும் மருந்து நெய்களும் உண்டு. தைலம் காய்ச்சுவோர் எப்போது இறுப்பது என்பதை மேலே தெளிந்ததைப் பார்த்து முடிவு செய்வதில்லை. அடியில் கிடக்கும் கல்கத்தை எடுத்து விரலிடையில் உருட்டிப் பார்ப்பார்கள். மெழுகுபதம், கடுகுபதம், மணற்பதம் என்று அதற்கு வரிசை உண்டு. மேலானதை எடுக்கக் கீழானதைக் கேட்க வேண்டியிருக்கிறது என்று இங்கே ஒரு தத்துவம் சொல்ல இடமிருக்கிறது. எனக்கு நேரமில்லை, ரசம் காத்திருக்கிறது.

ரசத்தின் உட்பிரிவு

ரசம் மேல்கொளலா என்பது பந்தியில் உட்கார்ந்தவரைப் பொறுத்தது. பருப்பு, புளிச்சக்கை, தக்காளித் தோல், மிளகுத்தூள் எல்லாம் அடியில் அமர, மேலே மல்லித்தழை மிதக்க, இடையில் நிற்கிறது தெளிவு. உண்பார் மூவகையர்.

தெளிவர்: "தெளிவா ஊத்துங்க" என்று இலைக்கு மேல் கையைக் குவிப்பவர்கள், அல்லது தம்ளரை நீட்டுபவர்கள். மண்டியர்: "அடியிலேர்ந்து ஒரு கரண்டி" என்பவர்கள், இவர்கள் சோற்றில் குழி வெட்டி வைத்திருப்பார்கள். கலங்கர்: வந்தது வரட்டும் என்று பக்கத்து இலைக்காரரோடு பேசிக்கொண்டிருப்பவர்கள். பரிமாறுபவரின் திறமை முழுதும் ஒரே வாளியில், ஒரே கரண்டியால், அடுத்தடுத்த இலைகளில் தெளிவரையும் மண்டியரையும் திருப்திப்படுத்துவதில் இருக்கிறது. தெளிவருக்குக் கரண்டியின் விளிம்பை மட்டும் அமிழ்த்த வேண்டும். மண்டியருக்குக் கரண்டியைக் கவிழ்த்து அடிக்கு இறக்கி அங்கே நிமிர்த்த வேண்டும். இடையில் வாளியை ஆட்டக் கூடாது. பந்திக்கு நடுவே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவரிடம் ஆட்டாதே என்றால் எங்கே நடக்கும்?

ஆகவே இயற்கை விதி தன் வேலையைக் காட்டுகிறது. முதல் பந்திக்குத் தெளிவு. நடுப் பந்திக்குக் கலங்கல். கடைசிப் பந்தியில் உட்காரும் வீட்டுக்காரர்களுக்கு மண்டி. அதற்கும் பிறகு வருபவர்களுக்கு வெந்நீர் சேர்த்த மண்டி. கல்யாண வீட்டில் யார் எந்தப் பந்தியில் உட்காருகிறார்கள் என்பதைச் சமூகவியலாளர் ஆராயட்டும்.

கீழ்கொளல்

நீரைத் துச்சமென்று கொட்டிவிட்டு அடியில் கிடப்பதைப் பொன்னாகப் பாவிப்பது கீழ்கொளல். திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலைத் தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரை இறுத்து வீசினால் கெட்டியான மாப்பால் கிடைக்கும், அல்வா அதிலிருந்துதான். சேலத்தில் மரவள்ளிக் கிழங்கை அரைத்த பாலைத் தொட்டியில் தங்கவிட்டு, நீரை விலக்கி எடுக்கும் மாவே ஜவ்வரிசியாகிறது. அதற்கென்று 1981இல் கூட்டுறவுச் சங்கமே தோன்றியது. கீழ்கொளலுக்குச் சங்கம் கண்ட நாட்டில் மேல்கொளலுக்கு ஒன்றும் இல்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

சாயக்காரருக்கு உரிய சான்று அவுரி. தழையை முதல் தொட்டியில் ஊறவைத்துப் புளிக்கவிடுவார்கள். அந்த நீரில் நீலம் இல்லை. மஞ்சளும் பச்சையுமாக ஒரு நீர். அதை இரண்டாம் தொட்டிக்கு இறக்கிக் காற்றுப் படும்படி அடித்து அலசுவார்கள். காற்றோடு சேர்ந்தபின் நீலம் கரையாத துகளாகி, மெல்ல அடியில் இறங்கும். மேல்நீரைத் தொட்டியின் பக்கத்துத் துளைகளை மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து விட்டுவிட்டு, அடியிலுள்ள நீலச் சேற்றைக் காய்ச்சிப் பிழிந்து வில்லையாக்குவார்கள். 1897இல் ஜெர்மானிய நிறுவனமான பி.ஏ.எஸ்.எப். செயற்கை நீலத்தைச் சந்தைக்கு விட்டபின் தொட்டிகள் வறண்டன. ஆனாலும் திண்டிவனம் பக்கம் அவுரி இன்னும் முற்றாக மறையவில்லை.

அரிசி அரித்தல் இந்த இயலின் முரட்டுப் பிள்ளை. களைந்த அரிசியை நீரோடு ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அசைத்து அசைத்து ஊற்ற, அரிசி நீரோடு போகும், கல் அடியில் நிற்கும். அடியில் நின்றதை வீசுகிறோம், போனதை வைத்துக்கொள்கிறோம், ஆகவே மேல்கொளல். ஆனால் எடுத்தது திரவமன்று. முதல் சூத்திரம் அசையாமல் என்கிறது. இங்கே அசைப்பதே தொழில். கல் பொறுக்கிய அரிசி பாக்கெட்டில் வரத் தொடங்கியபின் அரிக்கத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டதால் இச்சிக்கல் தானாகத் தீர்ந்துவிடும் என்று நம்பி மேலே செல்கிறேன்.

இருபாற்கொளலும் இருபாலும் விடலும்

மூன்றாம் வகைக்குத் தலைசிறந்த சான்று பழையசோற்றுப் பானை. மேலே நீராகாரம்; உப்பும் மோரும் சேர்த்தால் காலை ஆகாரம். அடியில் சோறு, சின்ன வெங்காயம் சேர்த்தால் மறுபடி காலை ஆகாரம். கசடு என்று ஒன்று இல்லாத இறுத்தல் இது ஒன்றுதான். அரிசி களைந்த நீரும் அருகில் வரும்: முதல் கழுநீர் மாட்டுத் தொட்டிக்கு, இரண்டாம் கழுநீர் குழம்புக்கு, அரிசி உலைக்கு.

நான்காம் வகையை எழுதக் கை கூசுகிறது. பட்டுச் சாயப்பட்டறையிலிருந்து வெளியேறும் நீரை இறுத்துத் தெளிவாக்கலாம் என்று எண்ணுபவர் மூன்றாம் சூத்திரத்தை அறிக: கரைந்தது இறுக்கப்படாது. மண் நீரில் தொங்குகிறது. சாயம் நீரில் கரைந்திருக்கிறது. வாரக்கணக்கில் நிறுத்தினாலும் சிவப்பு சிவப்பாகவே நிற்கும், துகள் ஒன்றும் இறங்காது. உப்பளத்துக்காரர்கள் இந்தச் சூத்திரத்துக்கு மாற்று வைத்திருக்கிறார்கள்: கரைந்ததை முதலில் கரையாததாக்கு, பிறகு இறு. மரக்காணத்தில் வெயில் கடல்நீரைச் சுண்டவைக்க, முதலில் ஜிப்சம் ஒரு பாத்தியில் தங்கும். மிஞ்சிய நீரை அடுத்த பாத்திக்கு விட, அங்கே உப்பு விளையும். அதற்கும் மிஞ்சிய கசப்பு நீரைத் தக்க சமயத்தில் வெளியே விட்டுவிடுவார்கள். பாத்திக்குப் பாத்தி இறுத்தல்தான். சாயநீருக்கும் அதே வழி: சுண்ணாம்பும் இரும்பு உப்பும் சேர்த்துச் சாயத்தைக் கட்டியாக்கினால் பெரும்பகுதி அடியில் இறங்கும். அதைச் செய்யாமல் வாய்க்காலில் விட்டால் வேகவதியில் போய்ச் சேரும். மேலும் நமக்கில்லை, கீழும் நமக்கில்லை.

ஏரியியல்

இதுவரை சொன்ன பாத்திரங்கள் எல்லாம் கைக்கு அடங்கியவை. இவ்வட்டாரத்தின் பெரிய இறுத்தல் பாத்திரம் ஏரி. மழைக்காலத்தில் கலங்கி ஓடிவரும் நீர் ஏரியில் வந்தவுடன் வேகம் இழக்கிறது; வேகம் இழந்தவுடன் மண்ணைக் கைவிடுகிறது. மணல் வரத்துவாயில் தங்கும். வண்டல் உள்ளே போய் அமரும். கரையோர மதகு வழியாகத் தெளிந்த நீர் வயலுக்குப் போகும். உத்திரமேரூர் வைரமேகத் தடாகம் பல்லவர் காலத்தில் வெட்டப்பட்டது. வானமே சாய்த்து ஊற்றி, மாதக்கணக்கில் தெளியவைத்து, விவசாயி வேண்டும்போது இறுத்துக்கொள்ளும் ஒரு பாத்திரத்தை மண்ணால் கட்டிய மனிதர்கள் முன்னால் என் நூல் கொஞ்சம் அடங்கித்தான் நடக்க வேண்டும்.

அவர்கள் இறுத்தலைப் படித்தவர்கள் என்பதற்குக் குமிழித்தூம்பு சான்று. கரையிலிருந்து தள்ளி ஏரிக்குள் நிற்கும் இரண்டு கல்தூண்கள் நினைவிருக்கலாம். பலர் அதைப் பாழடைந்த மண்டபம் என்று எண்ணிப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். தூண்களுக்கு அடியில் கல்தொட்டி. அதன் மேல்மூடியில் ஒரு துளை, நீரோடி. அதை அடைத்திருக்கும் குமிழைத் தூண்களுக்கு இடையே தூக்கித் திறப்பார்கள். தொட்டியின் கீழ்ப்பக்கத்தில், தரையை ஒட்டிச் சிறு துளைகள், சேறோடி. குமிழைத் தூக்கியதும் மேலிருந்து நீர் விசையோடு இறங்க, அந்த இழுப்பில் அடிச்சேறும் சேறோடி வழியாக உள்ளே வந்து, இரண்டும் கரைக்கு அடியில் ஓடும் சுருங்கையால் வயலுக்குப் போகும். தெளிந்த நீரும் வேண்டும், வண்டலும் வேண்டும், இரண்டும் ஒரே குமிழில். இருபாற்கொளலுக்கு இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை.

அப்படியும் தங்கிவிடும் வண்டலுக்கு ஆட்சிமுறை இருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் பள்ளிப் புத்தகம்வரை வந்துவிட்டன. அத்தேர்தலில் ஆள் எடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம், ஆறு பேர். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது. அந்தத் தடாகத்தைத் தூர்வாரப் பொன் முதலாக வைத்த செய்திகளும் அவ்வூர்க் கல்வெட்டுகளில் உண்டு. தேர்தல் முறையைப் பாராட்டி இத்தனை மேடையில் பேசுகிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் ஒரு பகுதி விடை, அடிமண்டியைப் பார்த்துக்கொண்டார்கள் என்பது.

பின்னாளில் கோடையில் ஏரி வற்றியதும் வண்டி கட்டி வண்டல் அடிப்பது ஊர் வழக்கமாக இருந்தது. வயலுக்கு எரு, ஏரிக்கு ஆழம், குயவருக்கு மண். வாங்கிய உரமூட்டை வீட்டு வாசலுக்கே வந்தபிறகு வண்டி ஏரிக்குப் போவது நின்றது. வண்டல் ஏறிய ஏரி ஆழம் குறைந்து, சின்ன மழைக்கே நிரம்பி வழிந்து, பங்குனிக்கு முன்பே காய்கிறது. நிரம்பிய நீரையும் தேக்குவதில்லை, படிந்த மண்ணையும் எடுப்பதில்லை. நீராகாரப் பானையின் இனத்தைச் சேர்ந்த ஏரியைச் சாயப்பட்டறை வாய்க்காலின் இனத்துக்கு மாற்றிவிட்டோம். இந்நூலின் வகைப்பாட்டில் ஒரு பொருள் வகை இறங்கியதற்கு வேறு சான்று இல்லை.

புறனடை

சொல்லாதவற்றையும் சொல்லியவற்றோடு சார்த்திக் கொள்க என்று முடிப்பது நூல் மரபு. ஆடை வழித்தல், எண்ணெய் மொள்ளுதல், மோரின் மேல்தெளிவு முதலிய விடுபட்டவற்றை அவ்வாறே கொள்க.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சேதி மிச்சம். ஏரி, குளங்களில் படிந்த வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. 2024இல் நடைமுறையை எளிதாக்கி, அனுமதி தரும் அதிகாரத்தை வட்டாட்சியரிடமே கொடுத்துவிட்டார்கள். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர், மண்பாண்டத்துக்கு 60 கன மீட்டர். ஏரி காயும் மாதங்களிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மழை இறங்கிவிட்டால் டிராக்டர் ஏரிக்குள் இறங்காது.